பௌசியா ராத்தா இருந்த ஆறாவது இடம்

அன்று காலையில் நான் கிணற்றடியில் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. தொழுகை நேரம் இல்லாத நேரத்தில் அது கரகரத்தால் எங்கள் பக்கத்தில் எல்லோருடைய கை வேலையும் நின்றுவிடும். யாருடைய பெயர் வரப்போகிறதோ என்று காதைக் கொடுப்போம். ஜனாஸா அறிவித்தல் என்று தொடங்கினார்கள். அன்சாரின் மனைவியும் நஸ்ரினின் தாயாருமான பௌசியா என்று சொல்லி முடிக்கும்போது என் கையிலிருந்த தட்டு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. எடுக்க மனம் வரவில்லை.

முதல் நாள் பின்னேரம்தான் ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கதைத்தார். "சபுறா, நாளைக்கு இருவது இடியப்பம் கூட அவி. நஸ்ரினப் பாக்க ஆக்கள் வருவாங்க" என்றார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போதே மூச்சு நின்றுவிட்டதாம். இருபது இடியப்பமும் என் சட்டியில் மூடியபடி இருந்தது.

எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. இப்படி எழுதுவேன் என்று நினைத்ததும் இல்லை. மையத்து வீட்டில் ஒரு மூலையில் இருந்தபோது பின்னால் இரண்டு பெண்கள் மெல்லமாகக் கதைத்தது காதில் விழுந்தது.

"பாவம் கா. அந்தப் புள்ளயோட எவ்வளவு பாடுபட்டா."

"என்ன செய்ய. வயித்துல இரிக்கக்குள்ள கிரகணத்துல வெளிய போயிரிக்கா. சொன்னாக் கேட்டாத்தானே."

மையத்தைத் துணி சுற்றி வைத்திருக்கிறது. அப்போதும் அந்தக் கதைதான். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர் பௌசியா ராத்தாவின் தலையில் அந்தக் கதையை வைத்திருந்தது. அவர் ஒரு நாளும் அதை இறக்கி வைக்கவில்லை. இறக்கி வைத்தால் அது என் தலையில் வந்து விழும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பௌசியா ராத்தா எனக்குச் சொந்தம் இல்லை. அவருடைய வளவுக்குப் பின்னால் ஒட்டியிருப்பது என் வீடு. எங்கள் ஊர்ப் பக்கம் பெண் பிள்ளைகளுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். ராத்தாவின் வாப்பா தன் வளவை இரண்டாகப் பிரித்து முன்பக்கத்தில் தங்கைக்கும் பின்பக்கத்தில் ராத்தாவுக்கும் வீடு கட்டினார். எனக்குத் தகரம் போட்ட ஒற்றை அறை. என் புருஷன் சம்மாந்துறையில் ஒரு நெல் மில்லில் மூட்டை தூக்கப் போவார். நான் இடியப்பம் அவித்துக் கொடுப்பேன். இடியப்பம் அவிப்பவளை "இடியப்பம்" என்றே கூப்பிடுவது இங்கே வழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ராத்தாதான். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு, ஆனாலும் அக்கா முறையில் ராத்தா என்றுதான் வாயில் வரும்.

அவர் பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிற்பாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஜேர்மன் சின்னமுத்து என்ற தடிப்புக் காய்ச்சலுக்கு ஊசி போட வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அங்கேயே போட்டார்கள். வீட்டில் இருந்த குமர்ப் பிள்ளைகளைக் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். ராத்தா போகக் கேட்டாராம். அவருடைய உம்மா விடவில்லை. கிளினிக் என்றால் எங்களுக்குப் பிள்ளைத்தாய்ச்சிகள் போகும் இடம். கலியாணம் முடிக்காத பெண் அங்குள்ள வாங்குப் பலகையில் போய் இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள். "மாப்புள ஊட்டுக்காரன் கண்டா என்ன நினைப்பான்" என்றாராம் உம்மா. ஊர் வாய்க்குப் பயந்து தவறவிட்ட ஊசி அது. இதை ராத்தாவே எனக்குப் பிற்காலத்தில் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். "மாப்புள ஊட்டுக்காரன் காணல்ல. ஆனா வேற ஒண்டு கண்டுட்டு" என்றார்.

கலியாணமாகி இரண்டு வருஷம் அவருக்குப் பிள்ளை தங்கவில்லை. அதன் பிறகு தங்கையின் கலியாணம் வந்தது.

கலியாணத்துக்குச் சொல்ல எங்கள் ஊரில் வீடு வீடாகப் போவார்கள். பெரிய வீடுகளுக்குக் குடும்பமாகப் போய் இருந்து, தேத்தண்ணி குடித்து, முறையாகச் சொல்வார்கள். என்னைப் போன்றவர்களுக்கு வழியில் காணும்போது சொல்வார்கள். அந்தக் கலியாணத்துக்கு ராத்தா பிடவை உடுத்தி, முக்காடு போட்டு, முன்பக்கத்தால் சுற்றி என் வாசலுக்கு வந்தார். வேலிக்குள்ளால் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. என் பாயில் இருந்து, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, "சபுறா, தங்கச்சிட கலியாணத்துக்கு நீ கட்டாயம் வரணும். வேலைக்கு வராத. விருந்துக்கு வா" என்றார். இப்படி என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

கலியாணத்துக்கு நான்கு நாளைக்கு முன் என் சின்ன மகனுக்கு இலேசான காய்ச்சலும் உடம்பில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பும் வந்து போயிருந்தது. அதற்கு முந்தின மாதம் மூத்தவனுக்கும் வந்தது. வெயில் சூட்டுக்குப் போட்டது என்று வேப்பிலைத் தண்ணீரில் குளிக்க வார்த்தேன். கலியாணத்தன்று காலையில் எனக்கும் முகத்தில் தொடங்கியது. காதுக்குப் பின்னால் கட்டிகட்டியாக நொந்தது. காய்ச்சல் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. உடம்பு சாடையாகச் சுட்டது, அவ்வளவுதான். போகாமல் விட்டிருக்கலாம். என் வாசலுக்கு வந்து கூப்பிட்ட கலியாணம் அது. பவுடரை அள்ளி அப்பிக்கொண்டு, கை முழுவதும் மூடிய சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

எங்கள் விருந்தில் சஹன் வைப்பார்கள். அது ஒரு பெரிய தாம்பாளம். சோறு, இறைச்சி, கோழி எல்லாம் அதில் இருக்கும். ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே சஹனில் கையை வைத்துச் சாப்பிட வேண்டும். ஆறு பேர் சேராவிட்டால் மூடியைத் திறக்க மாட்டார்கள். இருந்தவர் சாப்பிட்டு முடியாமல் எழும்பினால் மற்ற ஐந்து பேரையும் மதிக்கவில்லை என்று எடுப்பார்கள். தொடங்கும் முதலே எழும்பினால் பக்கத்தில் இருப்பவளின் முகத்தில் துப்பியது போல.

நான் இருந்த சஹனில் என் பக்கத்தில் ஒரு மாமி இருந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ன கா இது, முகமெல்லாம் திட்டுத் திட்டா இரிக்கி?"

"அடுப்புச் சூடு மாமி. நாள் முழுக்க இடியப்பம் அவிக்கறல்லவா."

"அடுப்பு எங்கட ஊட்டுலயும் இரிக்கிதானே" என்று சொல்லி முந்தானையை உதறிக்கொண்டு எழும்பி வேறு சஹனுக்குப் போய்விட்டார். மற்ற நாலு பேரும் கண்ணால் கதைத்துக்கொண்டார்கள். நான் மூடிய சஹனைப் பார்த்தபடி இருந்தேன். எழும்பிப் போகவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. கண்ணைத் துடைத்தால் பவுடர் அழியும் என்று அழுகையை அடக்கிக்கொண்டேன்.

ராத்தா அப்போது தண்ணீர்க் கோப்பைகளோடு அந்தப் பக்கம் வந்தார். காலியான இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் இருந்ததை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு அந்த ஆறாவது இடத்தில் இருந்தார். "நானும் காலையில இருந்து சாப்பிடல்ல. துறங்க சஹன" என்றார். கோழியின் பெரிய துண்டைப் பிய்த்து என் பக்கமாகத் தள்ளி வைத்தார். தோளோடு தோள் முட்ட இருந்து, என் காதுக்குள், "பவுடர் கூடிப்போச்சி புள்ள" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன். அவர் பக்கம் திரும்பித் திரும்பிக் கதைத்தேன்.

அப்போது ராத்தாவின் வயிற்றில் பிள்ளை இரண்டு மாதம். அது எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. ராத்தாவின் புருஷன் அன்சார் காக்காவுக்கும் ராத்தாவின் உம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். இங்கே மூன்று மாதம் முடியும் வரை வெளியில் சொல்ல மாட்டார்கள். கண்ணூறு படும், பிள்ளை தங்காது என்ற பயம். இரண்டு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. அதனால் இன்னும் இறுக்கமாக மறைத்திருந்தார்கள். கிளினிக்கில் போய்ப் பதியவும் இல்லை. பதிந்தால் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வருவார், ஊர் அறிந்துவிடும்.

இரண்டு கிழமை கழிய ஒரு நாள் ராத்தாவின் கன்னமும் கழுத்தும் சிவந்திருந்ததைக் கண்டேன். "கலியாண ஊட்டு அலைச்சல்" என்றார். மூன்று நாளில் அது மறைந்துவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

நஸ்ரின் பிறந்தாள். சின்னப் பிள்ளை, எலிக்குஞ்சு போல. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். கண் இரண்டிலும் கருமணியில் பால் விட்டது போல வெள்ளையாக இருந்தது. ராத்தா பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். "காணாட்டிப் பரவால்ல. தொட்டுப் பாக்கட்டும்" என்றார்.

மிட்வைஃப் மிஸ் பாண்டிருப்பில் இருந்து சைக்கிளில் வருபவர். நல்ல மனுஷி. அன்றைக்குக் கொப்பியை விரித்து வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சுவரோரம் இடியப்பப் பெட்டியோடு நின்றேன்.

"பௌசியா, இது வயித்துக்குள்ள இருக்கக்குள்ளயே தாயிட்ட இருந்து பிள்ளைக்குப் போறது எண்டு டொக்டர் சந்தேகப்படுறார். ஜேர்மன் சின்னமுத்து. தாய்க்கு அது சும்மா ஒரு தடிப்பாப் போயிரும். முதல் மூண்டு மாதத்துக்குள்ள வந்தா பிள்ளையிட கண்ணையும் காதையும் பிடிக்கும். உங்களுக்குத் தடிப்பு ஏதும் வந்ததா?"

"ஓம் மிஸ். மூணு நாள் இரிந்திச்சி."

"அதுக்கு முதல் பக்கத்தில யாருக்கும் வந்ததா? காய்ச்சலோட, தடிப்போட யாரும் உங்களோட நெருங்கி இருந்தவங்களா?"

ராத்தா என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தபடி, "இல்ல மிஸ். அப்படி ஒருத்தரும் இல்ல" என்றார்.

பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பார்க்காமல் சொன்னதில்தான் அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு விளங்கியது. நான் இடியப்பப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வேலிக்குள்ளால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மிஸ் பிறகு ஒரு தடவை என்னிடம், அந்த நேரம் ஊரில் பல பேருக்கு அது இருந்தது, யாரிடம் இருந்து யாருக்கு வந்தது என்று ஆராலும் சொல்ல முடியாது என்றார். நான் கேட்காமலே சொன்னார். என் முகத்தில் என்ன கண்டாரோ. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சில நாள் தூங்கியிருக்கிறேன். ஆனால் ராத்தாவின் தோள் என் தோளில் முட்டியிருந்தது எனக்குத்தானே தெரியும்.

பிள்ளைக்கு ஏன் இப்படி என்று ஊருக்குக் காரணம் வேண்டியிருந்தது. அன்சார் காக்காவின் உம்மா வந்து கிரகணக் கதையைச் சொன்னார். "நான் சொன்னனான், உள்ளுக்கு இரி எண்டு. இவ முத்தத்துல நிண்டவ." அது காற்றாகப் பரவியது. இன்னொருத்தி, பொழுது படும் மஃரிபு நேரத்தில் கடற்கரைப் பக்கம் போனாள் என்றாள். ராத்தா ஒருவருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை மாமியாரிடம், "மாமி, நான் முத்தத்துல நிண்டதும் உண்மைதான். ஆனா கிரகணத்துக்கு ஜேர்மன் சின்னமுத்து வந்ததா எண்டு மிஸ்ஸிட்டக் கேளுங்க" என்று சொன்னார். மாமிக்கு விளங்கவில்லை. திமிர்க் கதை என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டு போய்க் கண்ணில் இருந்த வெள்ளையை வெட்டி எடுத்தார்கள். தடித்த கண்ணாடி போட்டு ஓரளவு பார்த்தாள். ராத்தா சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்ததும் நான்தான். பள்ளிவாசல் அவர் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறது. பாங்கு சொன்னால் எங்கள் தகரம் அதிரும். ஒரு நாள் நான் பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். அஸர் பாங்கு சொன்னது. மடியில் இருந்த பிள்ளை இமையைக்கூட அசைக்கவில்லை. மறுநாளும் கவனித்தேன். மூன்றாம் நாள் மனம் கேட்காமல் சொன்னேன். ராத்தா எழும்பிப் போய்ச் சட்டி மூடியை எடுத்து வந்து பிள்ளையின் தலைக்குப் பின்னால் தரையில் அடித்தார். திரும்பவும் அடித்தார். கோழி எல்லாம் பறந்தன. பிள்ளை தன் கால் விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ராத்தா மூடியைக் கீழே வைத்துவிட்டு, "சரி. இது நமக்குத் தெரிஞ்சிட்டு" என்றார். அன்று இரவுச் சோற்றுக்கு அவர் உலை வைக்கவில்லை என்று காக்கா பிறகு சொன்னார்.

நஸ்ரினுக்குப் பிறகு அவருக்குப் பிள்ளை இல்லை.

தாயும் மகளும் கையால் ஒரு பாஷை செய்துகொண்டார்கள். கன்னத்தில் உள்ளங்கையை வைத்தால் உம்மா. வட்டம் போட்டால் சஹன், விருந்து. இரண்டு கையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து அமத்தினால் நான். இடியப்ப உரலை அமத்துவது போல. அந்தப் பிள்ளை என்னை வேலியில் கண்டதும் இரண்டு கையையும் அமத்திக்கொண்டு ஓடி வரும்போது எனக்கு நெஞ்சு அமந்து போகும். பேச்சு நிற்பாட்ட வேண்டுமானால் மற்றவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார்கள். ராத்தா கதைத்துக்கொண்டே போனால் நஸ்ரின் கையைப் பிடித்துவிடுவாள். ராத்தா விழுந்து விழுந்து சிரிப்பார்.

நஸ்ரின் நடக்கத் தொடங்கிய பிறகுதான் ராத்தாவுக்கு அந்தப் பழக்கம் வந்தது. எந்த வீட்டில் கலியாணப் பேச்சு நடந்தாலும் போய்ப் பெண் பிள்ளையிடம், "ஊசி போட்டிரிக்கா? கார்ட்டக் காட்டு" என்று கேட்பார். மாப்பிள்ளை என்ன தொழில், வீடு எத்தனை அறை என்று கேட்க வந்தவர்கள் நடுவில் அவர் ஊசியைக் கேட்பார். "வயித்துல வந்த பிறகு போடேலா. கலியாணத்துக்கு முதலே போட்டு முடிக்கணும்" என்பார். ஊரில் "ஊசி ராத்தா" என்று பெயர் வைத்தார்கள். அவர் ஒழுங்கையில் வந்தால் பெட்டைகள் கையை முக்காட்டுக்குள் ஒளிப்பார்கள். "ஊசி வருது, ஊசி வருது" என்பார்கள். "ஒளிங்க ஒளிங்க. உங்கட உம்மாமாரையும் சேத்துக் கூட்டிப் போவன்" என்பார். கூட்டிக்கொண்டு போயும் இருக்கிறார். குமர்ப் பிள்ளை கிளினிக் வாங்கில் இருந்தால் பேச்சு வரும் என்று பயந்தவர்களின் பக்கத்தில் தானும் ஒரு ஆளாகப் போய் இருப்பார். "என்னப் பாத்து ஊர் கதைக்கட்டும். எனக்குப் பழகிட்டு" என்பார்.

பிள்ளைத்தாய்ச்சிகளிடம் அவர் சொல்லும் வார்த்தை ஒன்று இருக்கிறது. கேட்டவர்கள் பலர் இதை வாசிப்பார்கள். "கண்ணூறுக்கு மறைக்கிற எண்டா ஊருக்கு மறைங்க. சொந்தத்துக்கு மறைங்க. மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ஒரு நாளும் மறைக்காதீங்க."

விருந்து வீடுகளில் அவர் செய்த இன்னொன்றும் உண்டு. சஹன் வைக்கும் முன் நடுவில் நின்று சொல்வார். "காய்ச்சல், தடிப்பு, இருமல் உள்ளவங்க வெக்கப்படாம சொல்லுங்க. உங்களுக்குத் தனிப் பீங்கான் தருவம். பெரிய துண்டோட." அந்தப் பீங்கானை அவரே கொண்டு போய், பக்கத்தில் இருந்து, கதைத்துக்கொண்டிருப்பார். தனியாகச் சாப்பிடுவது அவமானமாக இல்லாமல் ஒரு மரியாதையாகப் போய்விட்டது. ஒரு தடவை எங்கள் பக்கத்துத் தடித்த மச்சி ஒருத்தி, "எனக்கும் காய்ச்சல் கா" என்றாள். ராத்தா அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, "உனக்குக் காய்ச்சல் வயித்துல. சஹனுக்குப் போ" என்றார். சபையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தத் தனிப் பீங்கான் யாருக்காக வந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு ஒன்று இருந்திருந்தால் நான் பவுடர் பூசியிருக்கத் தேவையில்லை. அவர் ஒரு குற்றச்சாட்டும் சொல்லாமல் என் பிழைக்கு ஒரு வழி செய்து வைத்துக்கொண்டிருந்தார். சில நாள் அது என்னைத் திட்டுவதைவிட அதிகமாகச் சுட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் மக்காவுக்கு உம்ரா போனார். போகிறவர்கள் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார்கள். என் வாசலுக்கு வந்தார். கலியாணத்துக்குச் சொல்ல வந்த அதே போல, முன்பக்கத்தால் சுற்றி வந்து, பாயில் இருந்தார்.

"சபுறா, தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் பிழை செஞ்சிரிந்தா மாப்புத் தா."

"நீங்க எனக்கு என்ன பிழை செஞ்ச ராத்தா. நான்தான் உங்களுக்கு..."

"இரி. நான் ஒண்டு கேக்கன். அண்டைக்கு என்ட வயித்துல புள்ள இரிக்கி எண்டு உனக்குத் தெரிஞ்சிரிந்தா, என்னப் பக்கத்துல இரிக்க உட்டிருப்பியா?"

"இல்ல ராத்தா. உட்டிருக்க மாட்டன்."

"அப்ப முடிஞ்சி. நீயும் மறைச்சாய், நானும் மறைச்சன். அல்லாஹ்ட்ட நான் இதக் கொண்டு போக மாட்டன்." தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

இருபது வருஷப் பாரம் அன்று இறங்கியது என்று நினைத்தேன். ஒரு கிழமைதான். அதன் பிறகு வேறு ஒன்று ஏறிக்கொண்டது. நான் சொன்ன அந்த "இல்ல" உண்மைதானா. திரும்பத் திரும்ப என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த மாமி எழும்பிப் போய்விட்டார். நாலு பேர் பார்க்கிறார்கள். சஹன் மூடியபடி இருக்கிறது. அந்த நேரத்தில் ராத்தா வந்து இருந்து, தன் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று காதுக்குள் சொல்லியிருந்தால், எழும்புங்க ராத்தா, எனக்குத் தடிப்பு என்று நான் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்க ஆசை. ஆனால் அந்த வெட்கம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ராத்தா, நீங்கள் மாப்புத் தந்தது நான் சொன்ன சொல்லை நம்பித்தான். அந்தச் சொல் பொய்யாக இருந்தால் அந்த மாப்பும் எனக்கு இல்லைதானே. உம்ராவில் இருந்து வந்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வருஷம் போய்விட்டது. கடைசியில் இருபது இடியப்பம் கூட அவி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

மையத்தைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் அள்ளிக் கொடுத்தது நான். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. நஸ்ரின் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்ட வந்து, தன் உள்ளங்கையை அந்தக் கன்னத்தில் வைத்து எடுத்தாள். அவளுக்கு இருபது தாண்டிவிட்டது. வீட்டில் இருந்து தையல் தைக்கிறாள். அன்று அவளைப் பெண் பார்க்க வரவிருந்தவர்கள் ஜனாஸாவுக்கு வந்து நின்றார்கள்.

மூன்று நாளைக்கு மையத்து வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் இருந்து சோறு போகும். மூன்றாம் நாள் பகல் நான் போனபோது உள் அறையில் சஹன் வைத்து மூடியிருந்தது. நஸ்ரினோடு நாலு பெண்கள் சுற்றி இருந்தார்கள். நான் அவளைக் கையைப் பிடித்து ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நோயைச் சுமந்தது அவளுடைய உம்மா. பிழையைச் செய்தது நான். கண்ணையும் காதையும் கொடுத்தது இந்தப் பிள்ளை. இவளிடம் நான் ஒரு நாளும் மாப்புக் கேட்டதில்லை.

கன்னத்தில் கை வைத்தேன். உம்மா. வட்டம் போட்டேன். சஹன். இரண்டு கையையும் அமத்தினேன். நான். என் முகத்தில் விரலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக் காட்டினேன். உம்மாவின் தோளும் என் தோளும் முட்டியதைக் காட்டினேன். வயிற்றைக் காட்டினேன். அவளைக் காட்டினேன். அவள் காதைக் காட்டினேன். பவுடர் பூசியதையும் காட்டினேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினேன்.

அவள் தடித்த கண்ணாடிக்குள்ளால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை புள்ளி வைக்கும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இறுக்கியும் பிடிக்கவில்லை, விடவும் இல்லை. விளங்கிவிட்டது, போதும் என்றாளா, இதை இனிச் சொல்லாதே என்றாளா, எனக்குத் தெரியவில்லை. அவள் உம்மா இருந்திருந்தால் விளக்கம் சொல்லியிருப்பார்.

பிறகு கையை விட்டுவிட்டு சஹனடிக்குப் போய் இருந்தாள். ஐந்து பேர். மூடியில் கை வைத்தாள், திறக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

போய் வாருங்கள் ராத்தா. நீங்கள் கிரகணத்தால் ஒரு பிழையும் செய்யவில்லை என்பதை எழுதிவிட்டேன், இனி யாரும் அதைச் சொல்ல வேண்டாம். உங்கள் மண்ணறையை அல்லாஹ் விசாலமாக்கட்டும். நான் அந்த ஆறாவது இடத்தில் போய் இருந்தேன். என் முகத்தில் பவுடர் இல்லை.